பத்தொன்பதாம் கேள்வி

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே வரிசையாக ஒன்பது கடைகள். நான்கு ஜெராக்ஸ் கடை, இரண்டு டீக்கடை, ஒரு சைக்கிள் கடை, ஒரு மருந்துக் கடை. ஒன்பதாவது என்னுடையது: தட்டச்சு, அச்சு, பைண்டிங். ஆராய்ச்சியைத் தொடங்குகிறவர்கள் முன்வாசல் வழியாக உள்ளே போவார்கள். முடிக்கிறவர்கள் பின்வாசல் வழியாக வந்து என் முன்னால் நிற்பார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் அடித்த ஆய்வேடுகளை அடுக்கினால் கடை கொள்ளாது. படித்தது ஒன்றுகூட இல்லை. படித்தால் கை நிற்கும், கை நின்றால் என் பிழைப்பு நிற்கும். இந்தத் தெருவில் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கடைக்கு மேலே மாடியில் டீச்சர் குடும்பம். டீச்சர் கல்லூரியில் சமூகவியல் எடுப்பவர். தற்காலிக வேலை, வருஷா வருஷம் புதுப்பிப்பார்கள். அவர் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஆறாவது படிக்கும் ஒரு மகள். டீச்சர் ஏழு வருஷமாக ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பெண்களின் உடம்பு என்ன பாடு படுகிறது என்பதுதான் விஷயம். அந்த ஏழு வருஷத்தில் இந்தக் கடை வழியாக முந்நூறு பேராவது டாக்டராகிப் போயிருப்பார்கள். தலைக்கு மேலே இருந்தவர் மட்டும் கடைசியான நான்காம் அத்தியாயத்தை விட்டு நகரவில்லை.

காலை ஐந்தரைக்கு மாடியில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். ஏழு மணி வரை எழுதுவார். பென்சிலில்தான். என் கடையில் அச்சுக் கோணிப் பாழாய்ப்போன தாள்களை வாங்கிப்போய் அவற்றின் பின்பக்கத்தில் எழுதுவார். நல்ல தாளில் எழுதினால் அடித்துத் திருத்த மனசு வராதாம். நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் பால் வாங்க இறங்கி வருவார்.

"என்ன டீச்சர், இன்னிக்கு எத்தனை வரி?"

"மூணு."

"நேத்து?"

"அஞ்சு. அதுல ரெண்டை இன்னிக்கு அடிச்சிட்டேன்."

"அப்ப நிகரமா இன்னிக்கு ஒண்ணுதான்னு சொல்லுங்க. இந்த வேகத்துல போனா உங்க பொண்ணுதான் வந்து பட்டம் வாங்கணும்."

சிரிப்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒரு வரியை எழுதிட்டா அதுல வர்ற ஆள் என் கண்ணு முன்னால நிக்கணும்ணே. நிக்கலைன்னா அந்த வரி பொய்யோன்னு சந்தேகம் வந்துடுது" என்பார். இதெல்லாம் ஒரு வகை வியாதி என்று அப்போது எனக்குப் பட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. தாள்கள் நமுத்துப்போய் இயந்திரத்தில் இரண்டு இரண்டாக இழுபட்டன. டீச்சருடைய ஆராய்ச்சிப் பதிவு அடுத்த மாதம் பத்தாம் தேதியோடு காலாவதி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டால் கல்லூரியில் காலியாகும் நிரந்தர இடம் அவருக்குத்தான் என்று முதல்வரே சொல்லியிருந்தார். வாங்காவிட்டால் இந்தத் தற்காலிக வேலையையும் புதுப்பிக்க மாட்டார்கள். வேலை போனால் அந்த மாடியை விட்டும் போகவேண்டியிருக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் அங்கே குடிவந்திருந்தார்கள்.

பதினெட்டு நாள் மிச்சமிருந்த ஒரு காலையில் டீச்சர் பால் பாத்திரம் இல்லாமல் இறங்கி வந்தார். கையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி. திறந்து பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கணினியில் ஏற்றிக் கொடுத்த படிவங்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கு முப்பத்துநான்கு கேள்விகள். நான்கே நாளில் ஏற்றிவிட்டேன் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அண்ணே, ஒரு வரியில மூணு நாளா மாட்டிக்கிட்டேன். 'நாற்பத்தொரு பேர் வலியால் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை'ன்னு. யாரு அந்த நாப்பத்தோரு பேருன்னு பாக்கணும்போல இருந்துச்சு. ஒவ்வொரு படிவமா எடுத்து வச்சேன்."

ஒரு தாளை என் முன்னால் வைத்தார். பத்தொன்பதாம் கேள்வி: கடந்த ஓராண்டில் உடல்வலியால் எத்தனை நாள் விடுப்பு எடுத்தீர்கள்? எதிரே இருந்த கட்டம் வெறுமையாக இருந்தது. இன்னொரு தாள். அதிலும் வெறுமை. அடுக்கிக்கொண்டே போனார். நாற்பத்தொன்றும் வெறும் கட்டம்.

"கம்ப்யூட்டர்ல மட்டும் இதுக்கெல்லாம் பூஜ்யம் இருக்கு."

முதலில் தலையைச் சொறிந்தேன். "மெஷினு தானா போட்டிருக்குமோ" என்று இழுத்தேன். டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை வைத்துக்கொண்டு பொய்யை நீட்டிக்க முடியவில்லை.

"நான்தான் டீச்சர் போட்டேன். வெறும் கட்டம்னா அது சிவப்பாகி நின்னுக்கும், அடுத்த ஆளுக்குப் போக விடாது. பதில் இல்லைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்னு ஒரு பூஜ்யத்தைத் தட்டிட்டுப் போயிட்டே இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படிவங்களைத் தட்டி ஒழுங்காக்கி மறுபடியும் பெட்டியில் வைத்தார். "இதை வச்சு நானும் என் கைடு மேடமும் ஒரு கட்டுரை போட்டுட்டோம்ணே" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் லிஃப்ட்காரர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கூப்பிட்ட குரலிலேயே இது விருந்தில்லை, பஞ்சாயத்து என்று தெரிந்தது. சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் இருந்தன. மகள் தட்டை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டாள், பெரியவர்கள் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நீங்களே சொல்லுங்கண்ணே," என்றார் அவர். "இருநூத்திச் சொச்சம் பேர்ல நாப்பது பேரு. ஒரு கட்டம். இதைப் போய் எவன் பாக்கப்போறான்?"

"எவனும் பாக்க மாட்டான்," என்றார் டீச்சர்.

"அப்புறம் என்ன? மொதல்ல குடு. வேலை கைக்கு வரட்டும். அப்புறம் ஆற அமரத் திருத்திக்கோ."

"குடுத்ததைத் திருத்த முடியாதுங்க."

"ஏழு வருஷமா நானும் வாயத் தொறக்கல. காலைல எழுதுறாளேன்னு டீ போட்டேன், பொண்ணுக்குத் தலை பின்னக் கத்துக்கிட்டேன். கோணலாப் பின்னுறேன்னு அவகிட்டப் பேச்சும் வாங்குறேன். இந்தப் பதினெட்டு நாளு மட்டும் கொஞ்சம் கண்ண மூடிக்கோன்னுதான் கேக்குறேன்."

டீச்சர் சாப்பிடுவதை நிறுத்தினார். "அந்தக் கட்டுரை வந்தப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? ஈரத் துணிய அள்ள ஆழமான வண்டிக்குள்ள குனியவேண்டியிருக்கு, அடித்தட்டு மேல எழும்பி வர்ற வண்டி வாங்கிக் குடுங்கன்னு அந்தப் பொம்பளைங்க எழுதிக் குடுத்திருந்தாங்க. அஞ்சுல ஒருத்தருக்கு ஒரு நாளுகூட வலியால லீவு தேவைப்படலைன்னு ஆராய்ச்சியே சொல்லுதுன்னு ஆஸ்பத்திரி மேலாளர் திருப்பி அனுப்பிட்டாராம். போன வாரம்தான் கேள்விப்பட்டேன். அதனாலதான் அந்த வரியைத் தாண்ட முடியலை."

லிஃப்ட்காரர் பருப்பைப் பிசைந்துகொண்டே இருந்தார். என் தட்டில் இருந்த முட்டை அப்படியே ஆறிப்போனது. அந்த வண்டி வராமல் போனதற்கு என் விரல் ஒரு காரணம் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் நானே முந்திக்கொண்டு டீச்சரோடு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியரைப் பார்க்கப் போனேன். மேடத்தின் அறையில் உட்கார இடமில்லை, நாற்காலிகளில் எல்லாம் ஆய்வேடுகள். பாதி நான் பைண்ட் செய்தவை.

"நான்தாங்க பூஜ்யம் போட்டது," என்று ஆரம்பித்தேன்.

மேடம் தலையைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. "வருஷத்துக்கு ஆறு கட்டுரை எங்கேன்னு மேல இருந்து என் கழுத்தப் பிடிக்கிறாங்கம்மா. நீ என்னடான்னா வெளிவந்ததை வாபஸ் வாங்கச் சொல்றே. தட்டச்சுப் பிழைன்னு அடிக்குறிப்புல ஒரு வரி போட்டுட்டு மத்ததை அப்படியே குடேன்."

"பிழை மட்டும்னா போட்டுடலாம் மேடம். அந்தப் பிழை மேல நான் எட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். அந்த நாப்பத்தோரு பேரையும் நான் இன்னொரு தடவை பாக்கணும்."

"பத்தாம் தேதிக்குள்ளயா?"

"முடியாது."

"நீட்டிப்புக் கேட்டா காரணம் எழுதணும். நான் கையெழுத்துப் போடணும். நம்ம தப்புன்னு நானே எழுதிக் குடுக்குற மாதிரி ஆகும், தெரியும்ல?"

"தெரியும் மேடம். அதான் அவசரப்படுத்தலை. யோசிச்சுச் சொல்லுங்க."

பத்தாம் தேதி கழுத்துக்கு வந்திருக்கும்போது எதிராளியை அவசரப்படுத்தாத ஒரு ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

சலவைக்கூடத்துக்கு என்னையும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டேன். கடையை மூடிவிட்டு நான் வெளியே போவது என்பது தெருவில் பேச்சாகிவிட்டது. ஆஸ்பத்திரியின் பின்கோடியில் தாழ்ந்த கூரை போட்ட நீளக் கூடம். வெளியே மழை, உள்ளே ஆவி. நுழைந்த உடனே என் கண்ணாடி மூடிக்கொண்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால் எல்லோரும் ஒரே நீல அங்கியில், தலையில் தொப்பி, வாயில் முகமூடி. ஒரு பெண் வண்டிக்குள் இடுப்பு வரை கவிழ்ந்து ஈரப் படுக்கைவிரிப்புகளை அள்ளினார். எழும்போது ஒரு கையை முழங்காலில் ஊன்றித்தான் எழுந்தார். அள்ளியதைத் தோளில் போட்டுக்கொண்டு உலர்த்தும் இயந்திரத்துக்கு நடந்தார். நான் நின்றிருந்த கொஞ்ச நேரத்தில் அவரே இருபது தடவை கவிழ்ந்து எழுந்தார்.

டீ நேரத்தில் மடிப்பு மேசையில் இருந்த ஒரு மூத்த பெண்ணிடம் டீச்சர் போய் உட்கார்ந்தார். எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றார்கள். டீச்சர் அந்தப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் டீயைக் குடித்தார். பெரியக்காதான் எட்டிப் பார்த்தார்.

"என் தாளா இது?"

"ஆமாக்கா. ஒரு கட்டத்தை விட்டுட்டீங்க."

"விடல. எழுத முடியல." டம்ளரைக் கீழே வைத்தார். "எத்தனை நாள் லீவுன்னு கேட்டிருந்தே. நான் லீவே எடுக்கல. ஆனா வேலைக்கும் வரல. இதுல என்னத்த எழுதுறது?"

"வேலைக்கு வரலைன்னா?"

அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். "என் அட்டைய மாட்டிக்கிட்டு என் தங்கச்சி வந்தா. எல்லாம் ஒரே அங்கி, ஒரே முகமூடி. யாரு முகத்தப் பாக்குறா? மாசத்துக்கு மூணு நாளுக்கு மேல லீவு போட்டா சீட்டக் கிழிச்சிடுவாங்க. இடுப்பு புடிச்சிக்கிட்டா மூணு நாள்ல விடுமா? போன வருஷம் அறுபது நாளு அவதான் வந்தா. இவளுக்கு மருமக வருவா. அதோ அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி."

"விட்டவங்க எல்லாருமே இப்படித்தானாக்கா?"

"பேசி வச்சுக்கிட்டுத்தான் விட்டோம். பூஜ்யம்னு போட்டா பொய். அறுபதுன்னு போட்டா வேலை போயிடும். அதான் சும்மா விட்டோம். நீதான் ஒண்ணொண்ணா உக்காந்து கேக்குற பொண்ணாச்சே, பாத்துப் புரிஞ்சுக்குவேன்னு நெனச்சோம்."

டீச்சரின் நோட்டு மடியில் திறந்தே இருந்தது. அவர் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. பெரியக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பாக்க மூணு வருஷம் ஆயிடுச்சுக்கா," என்றார். நான் திரும்பி நின்று கண்ணாடியைத் துடைத்தேன். அதில் ஆவி எதுவும் இல்லை.

இதற்குள் லிஃப்ட்காரர் என்னிடம் தனியாக வந்து கெஞ்சியிருந்தார். கடைசி நேரத்தில் அவள் மனசு மாறினால் கையில் இருக்கட்டும், கணினியில் ஏற்கெனவே அடித்து வைத்திருப்பதைப் பழைய கணக்கோடு அப்படியே ஒரு நகல் எடுத்துக் கட்டி வையுங்கள் என்றார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று பிரதி போட்டுவிட்டேன். அதுவும் ஒரு பழக்க தோஷம்.

பத்தாம் தேதி காலை அவை என் மேசைமேல் இருந்தன. டீச்சர் குடையோடு இறங்கி வந்தவர் பார்த்துவிட்டார். பின்னாலேயே லிஃப்ட்காரர். யார் சொல்லிச் செய்தது என்று டீச்சர் கேட்கவில்லை. ஒரு பிரதியைத் திறந்து பக்கத்தைத் தேடி எடுத்து அவர் முன்னால் நகர்த்தினார்.

"இந்தப் பக்கத்தைப் படிச்சுப் பாருங்க. சரின்னு பட்டா ஓரத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் இப்பவே கொண்டுபோய்க் குடுத்துடுறேன். சத்தியமாச் சொல்றேன், அப்புறம் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

அவர் என் பேனாவை எடுத்தார். நின்றுகொண்டே படித்தார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து மறுபடியும் படித்தார். பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது.

"லிஃப்ட் கயித்தத் தொட்டுப் பாக்காம ஓகேன்னு கையெழுத்துப் போட்டான்னு ஒருத்தன அறைஞ்சிருக்கேன்," என்றார் என்னிடம். "இவ அதைத் தெரிஞ்சுகிட்டே என்னைய மாட்டி விடுறா பாருங்கண்ணே." பேனாவை மூடி என் சட்டைப்பையில் செருகினார். அந்த மூன்று பிரதிகளையும் நானே பிரித்தேன். மூன்று கட்டு வெற்றுப் பின்பக்கம் டீச்சருக்குக் கிடைத்தது.

மேடம் கடைசியில் நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட்டார். ஆறு மாதம். கட்டுரையில் பிழை இருக்கிறது என்று பத்திரிகைக்கும் இருவர் பெயரிலும் கடிதம் போனது. அதற்காக மேடம் யாரிடம் என்னென்ன வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, எனக்குத் தெரியாது. நிரந்தர வேலை இன்னொருவருக்குப் போனது. அவருடைய ஆய்வேட்டை நான்தான் பதினொரு நாளில் அடித்துக் கொடுத்திருந்தேன். இனிப்போடு வந்தார். வாங்கி வைத்தேன், சாப்பிடப் பிடிக்கவில்லை. டீச்சர் வேறு கல்லூரியில் மணிக்கணக்கு வகுப்புக்குப் போனார், இரண்டு பஸ் மாறி. லிஃப்ட்காரர் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். மாடியை மட்டும் எப்படியோ விடாமல் பிடித்துக்கொண்டார்கள்.

காலை ஐந்தரைக்கு நாற்காலி இழுபடுவது நிற்கவில்லை. இப்போது அவரை நிறுத்தி வைத்தது ஒரே ஒரு பத்தி. உண்மையைச் சொல்லவேண்டும், ஆனால் ஆள்மாறாட்டம் என்று ஒருவருடைய சீட்டும் கிழியக்கூடாது. அடித்தார், எழுதினார், அடித்தார். எழுதியதைக் கொண்டுபோய் டீ நேரத்தில் அந்தப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார். பெரியக்கா ஒரு வாக்கியத்தை எடுக்கச் சொன்னார், எடுத்தார். இன்னொருத்தி, "வலி இல்லைன்னு மட்டும் யாரும் நெனச்சிடாம எழுது" என்றாளாம். ஐந்து வாரம் அந்த ஒரு பத்திக்கு. நான் ஒரு நாள்கூட எத்தனை வரி என்று கேட்கவில்லை. உள்ளுக்குள் அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் வாழ்நாளில் எதற்காகவும் நான் ஐந்து வாரம் ஓரிடத்தில் நின்றதில்லை.

பென்சில் தாள்கள் என் மேசைக்கு வந்தபோது வெயில் காலம். அந்த அத்தியாயத்தை நான் படித்துக்கொண்டே அடித்தேன். மணிக்கு ஒரு பக்கம்கூட நகரவில்லை. வெளியே இரண்டு பேர் காத்திருந்து சலித்துப்போய்ப் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். அட்டவணையில் நாற்பத்தொரு கட்டத்தையும் வெறுமையாகவே விட்டேன். அதற்குக் கீழே டீச்சரின் பத்தி. 'இக்கட்டங்கள் வெறுமையாக இருப்பது பதிலின்மையால் அன்று. எண்ணில் அடங்காத ஒரு பதிலை இப்பெண்கள் இவ்விதம் தந்துள்ளனர்' என்று தொடங்கியது. யாருடைய தங்கையும் மருமகளும் அதில் இல்லை. ஆனால் வண்டிக்குள் கவிழ்ந்து முழங்காலில் கையூன்றி எழுந்த அந்தப் பெண் என் முன்னால் வந்து நின்றாள்.

அடுத்த பத்தி முந்தைய பிழையைப் பற்றி. 'முன்பு வெளியான கட்டுரையில் இவை பூஜ்யமாகக் கொள்ளப்பட்டன. அது ஆய்வாளரின் தவறு.' அவ்வளவுதான். அடிக்குறிப்பிலும் தேடினேன். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் அடித்த ஆயிரக்கணக்கான பக்கங்களில் என் சொந்த வார்த்தை ஒன்று நுழைந்தது கிடையாது. அன்று நுழைத்தேன். அந்த இடத்திலேயே, அதே நடையில், ஒரு வாக்கியம். நன்றாக யோசித்து, இரண்டு முறை அழித்து எழுதினேன். அதற்கே எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

டீச்சர் அச்சுப்படியை என் ஸ்டூலில் உட்கார்ந்தே படித்தார். பென்சில் ஒவ்வொரு வரியின் கீழும் நகர்ந்தது. நூற்றுப் பதினேழாம் பக்கத்தில் நின்றது. நான் சும்மா இருந்த இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

'வெற்றுக் கட்டங்களில் பூஜ்யம் இட்டவர் தட்டச்சு செய்தவர். அவர் ஆய்வாளரைக் கேட்கவில்லை.'

"இதை நான் எழுதலையே?"

"நான் எழுதினது டீச்சர். உங்க பேரை மட்டும் போட்டுக்கிட்டீங்க, எனக்குத் தாங்கல. பிடிக்கலைன்னா அடிச்சிடுங்க, மறுபடியும் எடுத்துத் தர்றேன்."

அவர் அடிக்கவில்லை. பிறகு என் வாக்கியத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மெதுவாக எதையோ எழுதித் தாளை என் பக்கம் திருப்பினார்.

"நல்ல வாக்கியம்ணே. பாதியில நிறுத்திட்டீங்க. இதையும் சேர்த்து அடிங்க."

'ஆய்வாளரும் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தார்.